கடதாசி மணியும் சணல் முடிச்சும்: காணிக்குத் திரும்பும்வரை ஒரு கைத்தொழில்

ஒரு கமக்காரக் குடும்பம் தன் காணியை விட்டுப் பெயர நேரும்போது அதன் வருமானம் நின்றுபோவதை எல்லோரும் காண்கின்றனர். உழவு, விதைப்பு, களையெடுப்பு, அரிவி வெட்டு, சூடடிப்பு என்று ஆண்டு முழுவதும் ஓடிய கைகளுக்கு வேலை இல்லாமற் போவதை அவ்வளவாக எவரும் காண்பதில்லை. முகாமிலோ உறவினர் வளவிலோ காலை விடிந்ததும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை மனிதரை மெல்ல மெல்லத் தளரச் செய்துவிடும். இதனை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கையில் முதல் இல்லாத ஒருவரும் தொடங்கக்கூடிய ஒரு சிறு கைத்தொழிலை இங்கு எடுத்துக் கூறுகின்றோம். பழைய கடதாசியை வெட்டி, உருட்டி, மணியாக்கி, அம்மணிகளைச் சணற் கயிற்றில் முடிந்து மாலையும் கைவளையும் செய்வதே அது. செய்முறையை மட்டும் சொல்லி விட்டுவிட நாம் விரும்பவில்லை. இத்தொழிலைச் செய்து பார்த்த வேறொரு நாட்டு இடம்பெயர்ந்த மக்கள் எதை அடைந்தனர், எதற்கு இது போதாமற் போயிற்று என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

உகண்டாவின் அச்சோலி மக்கள்

கடதாசி மணி புதிய கண்டுபிடிப்பு அன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுப் பெண்கள், சுவருக்கு ஒட்டும் வண்ணக் கடதாசியின் மிச்சத் துண்டுகளை உருட்டி மணிகளாக்கிக் கோத்தனர். அவர்களுக்கு அது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. அதே மணி பிற்காலத்தில் ஆபிரிக்காவின் உகண்டா நாட்டில் ஏழைப் பெண்களின் வயிற்றுப் பிழைப்பாயிற்று.

உகண்டாவின் வடபகுதியில் வாழும் அச்சோலி மக்கள் பரம்பரைக் கமக்காரர். குரக்கன், இறுங்கு, எள்ளு, கச்சான் என்பன அவர்களுடைய பயிர்கள். 1980களின் பிற்பகுதியில், ஜோசப் கோனி என்பவரின் தலைமையிலான ஆயுதக் குழுவுக்கும் அரச படைகளுக்கும் இடையே அங்கு மூண்ட போர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 1996ஆம் ஆண்டு தொடக்கம் கிராமத்தவர்கள் ஊர்களை விட்டு முகாம்களுக்குச் செல்லும்படி அரசாங்கம் பணித்தது. 2005ஆம் ஆண்டளவில் வட உகண்டாவில் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் தம் வயல் கிடக்க, உணவுப் பங்கீட்டு வரிசையில் நின்ற மக்கள் அவர்கள்.

ஒரு பகுதியினர் முகாம்களுக்குப் போகாமல் தெற்கே தலைநகரான கம்பாலாவுக்கு ஓடினர். நகரின் கிழக்கோரத்தில், கிரேக்கா, பண்டா என்னும் இடங்களை அண்டிய மலைச்சரிவில் குடிசைகள் எழுந்தன. இன்றும் அவ்விடம் 'அச்சோலி குடியிருப்பு' என்றே வழங்கப்படுகின்றது. அங்கிருந்த கல்லுடைக்கும் இடத்தில், நாள் முழுவதும் சுத்தியலால் கருங்கல்லைச் சிறு சல்லியாக உடைப்பதே பெண்களுக்குக் கிடைத்த வேலை. உடைத்த கல்லை அளந்து கூலி கொடுத்தனர். மண்வெட்டி பிடித்த கைகள் சுத்தியல் பிடித்தன. விரல் நசுங்குவதும் கண்ணில் கற்சிதறல் தெறிப்பதும் அங்கு அன்றாட நிகழ்ச்சிகள்.

கம்பாலாவின் ஏழைப் பெண்கள் சிலர், அச்சகங்களின் மிச்சத் தாள்களையும் பழைய சுவரொட்டிகளையும் கொண்டு மணி உருட்டத் தெரிந்திருந்தனர். வாங்குவோர்தாம் இல்லை. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று பெண்கள், குடிசை வாசலில் இருந்து மணி உருட்டிய ஒருவரைக் கண்டு, சில மாலைகளை வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அங்கு அவற்றுக்கு விருப்பம் இருந்ததைக் கண்டு, 'பீட் ஃபோர் லைஃப்' என்ற பெயரில் ஓர் அமைப்பை நிறுவினர். அமெரிக்க வீடுகளில் நண்பர்களும் அயலவர்களும் கூடும் சிறு கூட்டங்களில் மாலைகளை விற்றனர். கல்லுடைத்த பெண்கள் பலர் சுத்தியலைக் கீழே வைத்தனர்.

இவ்வமைப்பின் நடைமுறையில் ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. ஒரு பெண்ணிடம் காலமெல்லாம் மணி வாங்கிக்கொண்டிருக்க அது எண்ணவில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் வாங்குவது, அக்காலத்தில் சேமிப்புப் பழக்கத்தையும் சிறு வணிகக் கணக்கையும் கற்பிப்பது, பின்னர் அவர் வேறொரு தொழிலில் தன் காலில் நிற்பது என்பதே திட்டம். பின்னாளில் அவ்வமைப்பு சிறு வணிகப் பயிற்சியையே தன் முதன்மைப் பணியாக்கிக்கொண்டது.

அச்சோலி குடியிருப்பிலேயே 'மீற்றிங் பொயின்ற் இன்ரர்நஷனல்' என்ற இன்னொரு அமைப்பைச் சேர்ந்த பெண்களும் கல்லுடைத்தும் கடதாசி மாலை செய்தும் வந்தனர். அவர்களுள் பலர் எயிட்ஸ் நோய்க் கிருமி தொற்றியவர்கள். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்பகுதியைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, வீடிழந்தவர் படும் பாடு தமக்குத் தெரியும் என்று கூறி, கல்லுடைத்த கூலியில் பணம் சேர்த்து அந்நாட்டு மக்களுக்கு அனுப்பினர். பின்னர், மாலை விற்ற பணம் தம் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி எழ உதவியது.

கடதாசியைத் தெரிதல்

இனிச் செய்முறையைப் பார்ப்போம். பழைய நாட்காட்டி, சுவரொட்டி, சஞ்சிகை அட்டை, விளம்பரத் தாள், மாப் பொருள் வந்த அச்சிட்ட உறை ஆகியவை நல்லவை. கொப்பித் தாள் மெல்லியது. அதில் மணி சிறிதாக வரும். பத்திரிகைத் தாள் பசையில் ஊறிக் கிழியும். தடித்த மட்டை உருளாமல் மடியும். விரலால் வளைத்தால் வெடிக்காமல் வளையும் தாளே ஏற்றது.

கத்தரிக்கோலை எடுக்குமுன் ஒரு வேலை உண்டு. இடம்பெயர்ந்த வீடுகளில் எல்லாக் கடதாசியும் ஒரே பைக்குள், ஒரே பெட்டிக்குள் கிடக்கும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாக, மரணச் சாட்சிப் பத்திரங்கள், பாடசாலைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பழைய வரிச் சிட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றை முதலில் பிரித்தெடுத்துத் தனியே பொதி செய்து வைத்துவிடுங்கள். எழுத்து மங்கிய ஒரு துண்டுச் சிட்டைகூட நாளைக்கு 'இந்தக் காணியில் நாம் இருந்தோம்' என்பதற்குச் சாட்சியாகலாம். படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரிடம் காட்டிய பின்னரே எந்தத் தாளையும் வெட்ட வேண்டும்.

வெட்டுதலும் உருட்டுதலும்

தேவையானவை கத்தரிக்கோல், அடிமட்டம், பென்சில், பசை, உருட்டுவதற்கு ஒரு கம்பி ஆகியவை. மெல்லிய நூலில் கோர்ப்பதாயின் ஈர்க்கு அல்லது சைக்கிள் கம்பி போதும். சணற் கயிறு இரண்டு இழையாக மணிக்குள் செல்ல வேண்டியிருப்பதால் துளை பெரிதாக இருத்தல் வேண்டும். அதற்கு 3 மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள குடைக்கம்பியோ பின்னல் ஊசியோ ஏற்றது.

மணியின் வடிவம் கடதாசித் துண்டின் வடிவத்தைப் பொறுத்தது. ஒரே அகலமான நீண்ட பட்டியை உருட்டினால் குழாய் வடிவம் வரும். ஒரு முனை அகன்று மறு முனை கூராக முடியும் முக்கோணத் துண்டை உருட்டினால் நடு பருத்து ஓரம் மெலிந்த அழகிய மணி வரும். துண்டின் அகன்ற முனை எவ்வளவோ அவ்வளவே மணியின் நீளம். துண்டு நீளமானால் மணி பருக்கும்.

சாதாரண ஏ4 தாள் 21 சதமமீற்றர் அகலமும் 29.7 சதமமீற்றர் நீளமும் உடையது. வீணின்றி வெட்டும் முறை இது. மேல் விளிம்பில் இடமிருந்து 2, 4, 6 என்று 20 சதமமீற்றர் வரை புள்ளியிடுக. கீழ் விளிம்பில் 1, 3, 5 என்று 19 வரை புள்ளியிடுக. மேல் இடது மூலையிலிருந்து கீழே 1 என்ற புள்ளிக்கு ஒரு கோடு. அங்கிருந்து மேலே 2க்கு ஒரு கோடு. பின் கீழே 3க்கு. மீண்டும் மேலே 4க்கு. இவ்வாறே வளைந்து வளைந்து சென்று, மேலே 20இலிருந்து கீழ் வலது மூலைக்குக் கடைசிக் கோடு வரைந்து முடிக்க. கோடுகளின் வழியே வெட்டினால் 20 முழு முக்கோணங்களும் இரு ஓரங்களில் இரண்டு அரைத் துண்டுகளும் கிடைக்கும். ஒரு தாளில் 20 மணி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அகன்ற முனையைக் கம்பியில் வைத்து, முதல் சுற்றைப் பசையின்றி இறுக்கமாகச் சுற்றுக. இல்லாவிடில் மணி கம்பியோடு ஒட்டிவிடும். அதன்பின் துண்டின் உட்புறத்தில் மெல்லிதாகப் பசை தடவி, கூர்முனை மணியின் நடுவிலேயே வந்து முடியும்படி உருட்டுக. துண்டு ஒரு பக்கம் சரிந்தால் அவிழ்த்து மறுபடியும் உருட்டுவதே நல்லது. நுனியை நன்றாக ஒட்டி, கம்பியிலிருந்து மெதுவாகக் கழற்றிச் சுளகில் பரப்பி உலர விடுக.

உருட்டிய மணியில் வெளியே தெரிவது துண்டின் இரு நீள ஓரங்களும் கூர்முனைப் பக்கத்துச் சில சதமமீற்றருமே. நடுவில் உள்ள படம் எவ்வளவு அழகாயினும் உள்ளே மறைந்துவிடும். ஆதலால் ஓரங்களிலும் கூர்முனையிலும் நல்ல நிறம் வருமாறு தாளைத் தெரிந்து வெட்டுக.

தச்சர்கள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையில் சிறிது நீர் கலந்து பயன்படுத்தலாம். கோதுமை மாப் பசை செலவற்றது. பழகுவதற்கு அது போதும். ஆயின் விற்பனைக்குரிய மணிக்கு அது உகந்ததன்று. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் அரிக்கும்.

மெருகு பூசுதல்

மெருகு பூசாத மணி வியர்வையில் ஊறிப் பிரிந்துவிடும். பசை நன்கு உலர்ந்த மணிகளைத் தூண்டில் நைலோன் நூலில் ஒன்றையொன்று தொடாதவாறு கோத்து, வார்னிஷில் தோய்த்து, இரண்டு தடிகளுக்கிடையே நிழலில் கட்டித் தொங்கவிடுக. ஒரு பூச்சு முற்றாக உலர்ந்த பின்னரே அடுத்தது. இரண்டு பூச்சாவது வேண்டும், மூன்றாயின் நன்று. இடையில் மணிகளைச் சற்று நகர்த்திவிட்டால் துளை அடைபடாது.

நீரிற் கரையும் வார்னிஷ் கிடைத்தால் அதையே வாங்குக. எண்ணெய் வகை வார்னிஷும் அதைக் கரைக்கும் தின்னரும் விரைவில் தீப்பற்றக்கூடியவை; அவற்றின் மணம் தலைச்சுற்றையும் மூச்சுத் திணறலையும் தரும். தறப்பாள் கூடாரத்துக்குள்ளும், அடுப்பு எரியும் இடத்திலும், குப்பி விளக்கின் அருகிலும் ஒருபோதும் அவற்றைத் திறக்க வேண்டாம். கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் விலகி இருத்தல் வேண்டும்.

காலபோக மழை நாட்களில் காற்றில் ஈரம் மிகுதி. பசையும் மெருகும் உலர மறுக்கும். அறுவடை முடிந்த வெயிற்காலத்தில் மணிகளைச் செய்து மூடியுள்ள போத்தல்களில் சேர்த்து வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் வீட்டினுள் இருந்து கயிறு முடியலாம்.

எந்தச் சணல்?

'சணல்' என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு செடிகளைக் குறிக்கின்றோம். சாக்குச் செய்யும் சணல் வங்காளத்தில் பெருமளவில் விளைவது. அதன் நார் கரடுமுரடானது, எளிதில் அறும். மேல்நாட்டு மாலைகளில் முடியும் மெல்லிய பழுப்புக் கயிறு கஞ்சாச் செடியின் இனத்தைச் சேர்ந்த தண்டு நாரிலிருந்து கிடைப்பது. நார்க்கென வளர்க்கும் அவ்வகையில் மயக்கம் தரும் பொருள் மிகக் குறைவு. எனினும் அச்செடியை அனுமதியின்றிப் பயிரிடுவது நம் நாட்டில் குற்றம். ஆகவே அந்நாரால் ஆன கயிறு வேண்டுமாயின் கடையில் வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவது, யாழ்ப்பாணத்து வயல்களில் நெல் அறுத்த பின் பசுந்தாட் பசளைக்கும் மாட்டுத் தீனுக்கும் விதைக்கப்படும் மஞ்சட்பூச் சணல். இதன் தண்டிலும் நல்ல நார் உண்டு. இந்தியாவில் இதனை நாருக்கெனவே பயிரிட்டுக் கயிறும் வலையும் செய்கின்றனர். தண்டுகளைக் கட்டுக் கட்டாகச் சில நாட்கள் நீரில் ஊறப்போட்டு, பட்டை இளகியதும் உரித்து, அலசி, உலர்த்தி எடுப்பதே முறை. ஊறிய நீர் அழுகி நாறும், மீன் சாகும். குடிக்கும் கிணற்றிலோ குளத்திலோ இதனைச் செய்யலாகாது; தனிக் குழியோ பழைய தொட்டியோ வேண்டும். ஊறிய நீரைப் பயிருக்கு விடலாம். நாரெடுத்த செடி பசளையாக மண்ணுக்குப் போகாது என்பதையும் கணக்கில் எடுத்து, வேலியோரத்துச் செடிகளை மட்டும் இதற்கு ஒதுக்குவது புத்தி.

எந்த நாராயினும் முடிவதற்கு 1 மில்லிமீற்றர் அளவில், ஒரே சீராகத் திரித்த கயிறே வேண்டும். சிறிதளவு தேன்மெழுகு தடவி இழுத்தால் பிசிர் அடங்கும்.

சதுர முடிச்சு

இம்முடிச்சு ஒன்றைக் கற்றால் போதும். 18 சதமமீற்றர் கைவளைக்கு 70 சதமமீற்றர் நீளமுள்ள ஒரு கயிறும், 2 மீற்றர் 20 சதமமீற்றர் நீளமுள்ள ஒரு கயிறும் வெட்டி எடுக்க. முடியும் கயிறு முடிச்சுகளில் உண்ணப்பட்டுவிடும். ஆதலால் அது முடிந்த நீளத்தின் ஆறு மடங்காவது இருத்தல் வேண்டும். இரண்டையும் நடுவில் மடித்துச் சேர்த்து, மணி ஒன்று நுழையும் அளவுக்கு ஒரு காது விட்டு முடிந்து, அக்காதை ஓர் ஆணியில் மாட்டுக. இப்போது நான்கு இழைகள் தொங்கும். குறுகிய இரண்டும் நடுவில் நிற்க, நீண்ட இரண்டும் இரு ஓரங்களில் இருக்கட்டும்.

முதலில் இடது கயிற்றை நடு இழைகளுக்கு மேலாக வலப்புறம் கொண்டு சென்று வலது கயிற்றின் கீழே விடுக. வலது கயிற்றை நடு இழைகளின் பின்புறமாக இடப்புறம் எடுத்து, இடது கயிறு உண்டாக்கிய வளையத்தினூடாக மேலே கொண்டுவந்து இரண்டையும் இழுத்து இறுக்குக. இது அரை முடிச்சு.

அடுத்து இதையே எதிர்ப்புறமிருந்து செய்க. வலது கயிறு நடு இழைகளுக்கு மேலாகச் சென்று இடது கயிற்றின் கீழே போகட்டும். இடது கயிறு பின்புறமாகச் சென்று வலது வளையத்தினூடாக மேலே வரட்டும். இழுத்து இறுக்கினால் ஒரு சதுர முடிச்சு தட்டையாக அமையும். புறம் மாற்றாமல் ஒரே அரை முடிச்சையே திரும்பத் திரும்பப் போட்டால் பின்னல் சுருண்டு திருகும். அதுவும் ஓர் அழகே.

நான்கைந்து முடிச்சுகளின் பின் நடு இழை இரண்டிலும் ஒரு மணியைக் கோத்து, ஓரக் கயிறுகளை மணியின் இருபுறமும் வளைத்து இறக்கி, கீழே மீண்டும் முடிக. இப்படியே தொடர்ந்து, முடிவில் ஒரு மணியைக் கட்டி விட்டால் அது காதுக்குள் நுழையும் பொத்தானாகும். உலோகக் கொளுக்கி வாங்கும் செலவு மிச்சம்.

கைகளுக்கும் கூலி உண்டு

வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குப் பெண்கள் கூலி கணக்கிடுவதில்லை. கடதாசி சும்மா கிடைத்தது, நேரமும் சும்மா கிடைத்தது என்று நினைத்துக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர். இடைத்தரகர் வாழ்வது இந்த நினைப்பினால்தான். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். தொகைகளை உங்கள் ஊர் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

15 மணிகள் கொண்ட ஒரு மாலை. மணி ஒன்றை உருட்ட 3 நிமிடம் எனில் 45 நிமிடம். தாள் தெரிந்து வெட்ட 15 நிமிடம். மெருகு பூச 15 நிமிடம். முடிந்து கட்ட 45 நிமிடம். மொத்தம் 2 மணித்தியாலம். ஆகவே 8 மணித்தியால நாளில் 4 மாலை. ஊரில் நாட்கூலி 2,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஒரு மாலைக்குரிய கூலி 500 ரூபா. கயிறு, பசை, மெருகு ஆகியவற்றுக்கு 100 ரூபா. பஸ் செலவுக்கும் விலைபோகாமல் நின்றவற்றுக்குமாக 60 ரூபா. ஆக 660 ரூபாவுக்கு விற்றால்தான் உங்கள் கைக்கு நியாயமான கூலி.

வியாபாரி 400 ரூபாதான் தருவேன் என்றால், செலவு 160 ரூபா போக மிஞ்சுவது 240. ஒரு நாளைக்கு 960 ரூபா. அதாவது வயற் கூலியின் பாதிக்கும் குறைவு. வேறு வேலை அறவே இல்லாத மாதத்தில் அதையும் ஏற்கத்தான் வேண்டியிருக்கலாம். அறிந்து ஏற்பது வேறு, அறியாமல் ஏமாறுவது வேறு. களையெடுப்புக்கும் அரிவி வெட்டுக்கும் ஆள் கேட்கும் நாட்களில் மணியை மூடி வைத்துவிட்டு வயலுக்குப் போவதே இலாபம் என்பதையும் இக்கணக்கே சொல்லிவிடுகின்றது.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவர் நிறம் பார்த்து வெட்டுவதிலும், ஒருவர் உருட்டுவதிலும், ஒருவர் முடிவதிலும் கைதேர்ந்துவிடுவர். பசையையும் வார்னிஷையும் மொத்தமாக வாங்கலாம். யார் எத்தனை மணி கொடுத்தார், என்ன விலை போயிற்று, யாருக்கு எவ்வளவு என்பவற்றை ஒரு கொப்பியில் எல்லோர் முன்னிலையிலும் எழுதி வையுங்கள். குழுக்கள் உடைவது பெரும்பாலும் எழுதப்படாத கணக்கினாலேயே. சுருங்கியது, கோணியது, பிசுபிசுப்பது ஆகியவற்றைக் குழுவே கழித்துவிட வேண்டும். 'குளிக்கும்போது கழற்றி வைக்கவும்' என்று ஒரு சிறு துண்டில் எழுதிக் கட்டிவிட்டால் வாங்கியவர் குறை சொல்ல இடமிராது.

பிள்ளைகள் விளையாட்டாக நாலு மணி உருட்டட்டும். அவர்களுடைய படிப்பு நேரம் கூலி நேரமாகிவிடக் கூடாது.

மணி செய்வது எதற்காக?

கம்பாலாவில் மணி செய்யும் கைகள் பெருகப் பெருக, உள்ளூர்ச் சந்தையில் ஒரே மாதிரியான மாலைகள் குவிந்தன. எளிதில் கற்கக்கூடிய தொழிலை எல்லோரும் எளிதில் கற்றுவிடுவர். அழகுப் பொருளுக்கு நாகரிகம் மாறும்; தூரத்து வாங்குநரின் விருப்பம் நம் கையில் இல்லை. இத்தொழிலின் பலவீனம் இது. மாலை விற்ற பணத்தில் கோழி வாங்கியவர், தையல் இயந்திரம் வாங்கியவர், சிறு கடை வைத்தவர் ஆகியோருக்கே சந்தை மந்தமானபோது பிடித்துக்கொள்ள ஏதேனும் இருந்தது. ஆகவே முதல் மாலை விற்ற நாளிலிருந்தே ஒரு பங்கை ஒதுக்குங்கள். விதைநெல்லுக்கோ, ஓர் ஆட்டுக்கோ, கிணறு இறைக்கவோ, வேலி அடைக்கவோ, அது எதற்கென்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள்.

இன்னுமொன்று. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் உகண்டாவில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்ட பின், வந்த ஆண்டுகளில் முகாம்களிலிருந்த மக்கள் ஊர் திரும்பினர். அங்கே அவர்களுக்குப் புதிய துன்பம் காத்திருந்தது. அச்சோலி நாட்டில் நிலத்துக்கு எழுத்து உறுதி பெரும்பாலும் இல்லை. மரமும் புற்றும் ஓடையுமே எல்லை. முதியோர் நினைவே சாட்சி. முதியோர் பலர் முகாம்களில் இறந்துவிட்டனர். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லை தெரியவில்லை. உறவினருக்கிடையிலும் அயலவருக்கிடையிலும் காணித் தகராறுகள் பெருகின.

மணி உருட்டும்போது கைதான் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அந்நேரத்தில் பிள்ளைகளுக்கு உங்கள் காணியைப் பற்றிச் சொல்லுங்கள். காணியின் பெயர் என்ன, எத்தனை பரப்பு அல்லது ஏக்கர், கிழக்கே யார் காணி, தெற்கே எந்த வாய்க்கால், கிணறு எந்த மூலையில், எல்லையில் நின்ற பனை எத்தனை என்பவற்றைச் சொல்லி, ஒரு கொப்பியில் எழுதவும் செய்யுங்கள். அந்தக் கொப்பியை உறுதிகளோடு சேர்த்து வையுங்கள்.

கைத்தொழிற் பயிற்சி பெற்ற குடும்பம் என்று பதிவாகிவிட்டால், இனி அவர்களுக்குக் காணி தேவையில்லை என்று எவரும் எண்ணிவிடவும் இடங்கொடாதீர்கள். பயிற்சிப் பதிவில் தொழில் என்ற இடத்தில் கமம் என்றே எழுதுங்கள். கடதாசி மணி இடைக்காலத்துக்கு உதவுகின்ற தொழில்; காணிக் கோரிக்கையும் அதற்கான மனுக்களும் தம்பாட்டில் தொடர வேண்டும்.

முதற் பாடத்துக்கு ஒரு பழைய நாட்காட்டித் தாளும் ஒரு குடைக்கம்பியும் போதும். ஒரு தாளில் 20 மணி. முதல் ஐந்தாறு கோணலாகத்தான் வரும். கடைசி ஐந்தாறு நேராக வரும். அவற்றில் நல்ல ஐந்தை எடுத்து ஒரு கைவளை முடிந்து, விற்பதற்குமுன் வீட்டிலுள்ள ஒருவர் இரண்டு கிழமை அணிந்து பார்க்கட்டும். வியர்வையும் தண்ணீரும் பட்டும் மணி பிரியாமல் இருந்தால், உங்கள் கைக்குத் தொழில் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.